ஆடும் கட்டிலை அசையாமல் நிறுத்துவது: ஓர் ஐந்தடிக் கட்டிலின் பழுதுபார்ப்புப் பதிவு

கட்டில் உறுதியானதா என்று பார்க்கப் போகிறவர்கள் முதலில் தலைமாட்டுப் பலகையைத் தட்டுகிறார்கள், அடுத்து காலின் பருமனைப் பார்க்கிறார்கள். இரண்டும் நன்றாக இருந்தும் ஆடுகிற கட்டில்கள் ஏராளம். இங்கே வேலைக்கு எடுத்த கட்டிலும் அந்த வகைதான். 70 மி.மீ. சதுரக் கால்கள், கனமான தலைமாடு. ஆனால் புரண்டு படுத்தால் கிரீச்சென்று சத்தம், ஓரத்தில் உட்கார்ந்து எழுந்தால் தலைமாடு சுவரில் இடிக்கிறது, மெத்தை நடுவில் குழிந்து இருவரும் நடுவுக்கே உருள்கிறார்கள்.

ஒரு கட்டிலின் பலம் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, பக்கச் சட்டம் காலோடு சேரும் நான்கு மூலைகள். மற்றொன்று, மெத்தைக்கு அடியில் தலையிலிருந்து கால் வரை ஓடும் நடுச்சட்டம். இந்தக் கட்டிலில் இரண்டுமே கெட்டிருந்தன. புதுக் கட்டில் வாங்குகிறவர்களும் இதே இடங்களைத்தான் குனிந்து பார்க்க வேண்டும். அதற்கான குறிப்புகள் பின்பகுதியில் இருக்கின்றன.

கட்டில் இருந்த நிலை

மெத்தை ஐந்தடிக்கு ஆறரை அடி, அதாவது 1524 × 1981 மி.மீ. சட்டத்தின் உள்ளளவு 1540 × 2000 மி.மீ. ஆக, மெத்தையைச் சுற்றி 8 முதல் 10 மி.மீ. வரை இடைவெளி. இது சரியான அளவு. இடைவெளியே இல்லாவிட்டால் விரிப்பைச் செருக விரல் நுழையாது, 20 மி.மீ.க்கு மேல் போனால் மெத்தை தினமும் நகரும்.

தலைமாடும் கால்மாடும் அந்தந்தக் கால்களோடு பசை போட்டு இறுக்கமாகச் சேர்க்கப்பட்டவை. அவற்றில் ஆட்டம் இல்லை, அதனால் அவற்றைத் தொடவில்லை. பக்கச் சட்டம் 25 மி.மீ. கனம், 150 மி.மீ. உயரம். ஒவ்வொரு மூலையிலும் சட்டத்தின் உயரத்துக்கு நடுவில் ஒரே ஒரு எம்8 (8 மி.மீ. விட்டம்) போல்ட். பக்கச் சட்டத்தின் உட்புறம் குறுக்குப் பலகைகள் உட்காருவதற்கு 20 × 20 மி.மீ. தாங்கு சட்டம், 2 மீட்டர் நீளத்துக்கு ஆறே ஆறு ஸ்க்ரூ. மேலே 70 × 19 மி.மீ. அளவில் 13 குறுக்குப் பலகைகள் (ரீப்பர்), எதுவும் பிடிக்கப்படாமல் சும்மா கிடந்தன. பலகைக்குப் பலகை இடைவெளி 90 மி.மீ.

நடுச்சட்டம் 25 × 50 மி.மீ., அதுவும் படுக்கைவாட்டில். அதன் மையத்தில் ஒரு கால். மெத்தையை எடுத்துவிட்டுத் தரையில் படுத்துப் பார்த்தால், அந்தக் கால் தரைக்கு மேல் 6 மி.மீ. அந்தரத்தில் நின்றது. மடித்த செய்தித்தாள் அடியில் தாராளமாகப் போய்வந்தது. நடுக்கால் இருப்பதாகத் தோன்றுகிற கட்டிலில் உண்மையில் நடுக்கால் இல்லை.

மூலைவிட்டங்களை அளந்தபோது ஒன்று 2518, மற்றொன்று 2530 மி.மீ. இந்த உள்ளளவுக்கு இரண்டுமே 2524 வர வேண்டும். 12 மி.மீ. வித்தியாசம் என்றால் கட்டில் செவ்வகமாக இல்லை, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது.

சத்தம் எங்கிருந்து வருகிறது

எல்லாவற்றையும் ஒரேயடியாக இறுக்கிவிட்டுச் சத்தம் போயிற்றா என்று பார்ப்பது வீண். இரண்டு வாரத்தில் திரும்ப வரும், எது காரணம் என்றும் தெரியாது. படிப்படியாகக் கழற்றிக்கொண்டே போனால் இடம் பிடிபடும்.

முதலில் மெத்தையை எடுத்துவிட்டுப் பலகைகள் மேல் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். அடுத்து பலகைகளையும் எடுத்துவிட்டு வெறும் சட்டத்தைத் தலைமாட்டில் பிடித்துப் பக்கவாட்டில் அசைக்க வேண்டும். பலகை இருக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் அது பலகைக்கும் தாங்கு சட்டத்துக்கும் இடையில். வெறும் சட்டமும் சத்தம் போட்டால் மூலைகளில். ஒருவர் அசைக்க, இன்னொருவர் மூலை இணைப்பின் மேல் பாதி விரல் காலிலும் பாதி விரல் சட்டத்திலும் இருக்கும்படி வைத்துக்கொண்டால், காது ஏமாற்றினாலும் விரல் ஏமாற்றாது. அரை மில்லிமீட்டர் நகர்வுகூட உணர முடியும்.

கழற்றியபின் உராய்ந்த இடங்கள் தாமே காட்டிக்கொடுக்கும். இங்கே தலைமாட்டின் இடது மூலையில் போல்ட் துளையைச் சுற்றிக் கரிய வளையம் படிந்திருந்தது. இரும்பு மரத்தில் தேய்ந்த தடம். சிறிய வாஷர் மரத்துக்குள் 2 மி.மீ. புதைந்து, துளை வட்டம் போய் முட்டை வடிவமாகியிருந்தது. குறுக்குப் பலகைகளின் அடியில், தாங்கு சட்டத்தைத் தொடும் இடத்தில், மெருகு போட்டதுபோல் பளபளப்பு. தாங்கு சட்டத்தின் ஆறு ஸ்க்ரூவில் இரண்டு கையாலேயே சுழன்றன.

எண்ணெய் விடுவது பலர் செய்யும் தவறு. எண்ணெய் மரத்தில் ஊறிக் கறை பிடிக்கும், தூசியைச் சேர்க்கும், பின்னால் பசை போட வேண்டிய இடத்தில் பசையை ஒட்டவிடாது. மரமும் மரமும் உரசும் இடத்துக்கு மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும்.

காரணம்: கொஞ்சம் கணக்கு

பலகையின் வளைவு அதன் கனத்தைப் போலவே, அது தாண்ட வேண்டிய தூரத்தைப் பொறுத்தும் பெரிதும் மாறுகிறது. ஒரே எடையை நடுவில் வைத்தால், தாங்கும் புள்ளிகளுக்கு இடையேயான தூரம் இரட்டிப்பானால் வளைவு எட்டு மடங்காகும். பைன் போன்ற மென்மரத்தில் 70 × 19 மி.மீ. பலகையின் நடுவில் 20 கிலோ வைத்தால், 750 மி.மீ. தூரத்தில் ஏறக்குறைய 5 மி.மீ. வளையும். அதே பலகை நடுத்தாங்கல் இல்லாமல் 1500 மி.மீ. தாண்டினால் ஏறக்குறைய 4 செ.மீ. மெத்தை குழிகிறது என்று மெத்தையை மாற்றுகிறவர்களில் பலருக்கு உண்மையில் குழிவது இந்தப் பலகைதான். பழைய மெத்தையைத் தரையில் விரித்துப் படுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: தரையில் சமமாக இருந்தால் பழி கட்டிலின் மேல்.

நடுச்சட்டத்துக்கு வருவோம். 25 × 50 மி.மீ. மரத்தைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைத்திருந்தால், ஒரு துண்டு மரம்கூடக் கூடுதலாகச் செலவழிக்காமல் 4 மடங்கு விறைப்பு கிடைத்திருக்கும். 45 × 70 மி.மீ. மரத்தை நிமிர்த்தி வைத்தால் முன்பிருந்ததைவிட ஏறக்குறைய 20 மடங்கு. உயரத்தின் மும்மடி (உயரம் × உயரம் × உயரம்) வீதத்தில் விறைப்பு ஏறுவதால் இப்படி. அதனால் சட்டம் எதுவானாலும் குறுகிய பக்கம் கீழே இருக்கும்படி நிமிர்ந்து நிற்க வேண்டும்.

மூலைகளில் நடப்பது வேறு. கட்டிலின் மேல் நேராக இறங்கும் எடையை ஒற்றை போல்ட் தாங்கிவிடும். பிரச்சினை தலைமாட்டில் சாய்வதிலும் புரளுவதிலும் வரும் அசைவு. ஒற்றை போல்ட் நடுவில் இருந்தால் சட்டம் அதையே அச்சாகக் கொண்டு சுழலப் பார்க்கும். கதவின் கீல்போல. ஒவ்வொரு முறையும் மரநார் கொஞ்சம் நசுங்கும், நசுங்கியதால் போல்ட் தளரும், தளர்ந்ததால் அசைவு கூடும். இரண்டு போல்ட்டுகள் மேலும் கீழுமாக இருந்தால் சுழல இடமில்லை. ஒன்றை மையமாக வைத்துத் திரும்ப முயன்றால் மற்றொன்று தடுக்கும்.

எடுத்துக்கொண்ட பொருள்கள்

எம்8 × 110 மி.மீ. ஆலன் தலை போல்ட் (தலையில் அறுகோணக் குழி உள்ளது) 8. வெளிவிட்டம் 24 மி.மீ. உள்ள அகல வாஷர் 8 (சாதாரண எம்8 வாஷரின் வெளிவிட்டம் 16தான், மரத்தில் அது புதையும்). உருளை நட் (சட்டத்துக்குள் குறுக்கே உட்காரும் இரும்பு உருளை, அதன் நடுவில் குறுக்காக உள்ள மரையில் போல்ட் பிடிக்கும்) 8, விட்டம் 12, நீளம் 20 மி.மீ., முனையில் ஸ்க்ரூடிரைவர் வெட்டு உள்ளது. தாங்கு சட்டத்துக்கு 30 × 40 மி.மீ. மரம் 2 மீட்டர் நீளத்தில் இரண்டு. நடுச்சட்டத்துக்கு 45 × 70 மி.மீ. மரம் 1995 மி.மீ., அதே மரத்தில் 150 மி.மீ. துண்டுகள் இரண்டு நடுக்கால்களுக்கு. உயரம் திருத்தக்கூடிய எம்10 திருகுப் பாதம் இரண்டு. 12 மி.மீ. ப்ளைவுட் துண்டுகள், 70 × 150 மி.மீ., நான்கு. பழைய அளவிலேயே புதிய குறுக்குப் பலகை மூன்று. ஸ்க்ரூ: 5 × 50 மி.மீ. 22, 4 × 40 மி.மீ. 48, 4 × 30 மி.மீ. 16. 2 மி.மீ. கனமுள்ள கம்பளிப் பட்டை 6 மீட்டர். மரப்பசை, ஒரு மெழுகுவர்த்தி.

மரம் நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். ஈரப்பதம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஈர மரத்தில் எவ்வளவு இறுக்கினாலும் அது காய்ந்து சுருங்கும்போது போல்ட் தளர்ந்துவிடும்.

மூலைகள்

கழற்றும் முன் ஒவ்வொரு மூலையிலும் சட்டத்திலும் காலிலும் ஒரே எண்ணைப் பென்சிலால் எழுதிக்கொள்ள வேண்டும். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் துளைகள் மூலைக்கு மூலை ஒரு மில்லிமீட்டர் வேறுபடும். மாற்றிப் பூட்டினால் எதுவும் பொருந்தாது.

புதுத் துளைகளின் இடம்: பக்கச் சட்டத்தின் மேல் விளிம்பிலிருந்து 35 மி.மீ., கீழ் விளிம்பிலிருந்து 35 மி.மீ. இரண்டுக்கும் இடையே 80 மி.மீ. பழைய நடுத் துளையை 12 மி.மீ.க்கு விரித்து, பசையோடு மரக்குச்சி அடித்து மறுநாள் செதுக்கிவிட்டால் போதும்.

காலின் வெளிப்புறத்தில் முதலில் 25 மி.மீ. பிட்டால் 10 மி.மீ. ஆழத்துக்குக் குழி. அதன் பிறகுதான் அதே மையத்தில் 9 மி.மீ. துளை. வரிசை மாறினால் 25 மி.மீ. பிட்டின் கூர்முனைக்குப் பிடிக்க மரம் இருக்காது, பிட் துள்ளி விளிம்பைக் கிழித்துவிடும். வாஷரும் போல்ட்டின் தலையும் சேர்ந்து 10 மி.மீ. என்பதால், பூட்டியபின் தலை காலின் பரப்போடு சமமாக நிற்கும். போகிற வருகிறவர்கள் முழங்காலில் இடித்துக்கொள்ள மாட்டார்கள்.

சட்டத்தின் முனையில் துளை போடுவதுதான் இந்த வேலையில் அதிகம் தவறுகிற இடம். முனையில் நார் நெடுக ஓடுவதால் பிட் நாரின் போக்கில் வழுக்கிச் சாயும். அதனால் சட்டத்தைத் தனியாக வைத்துத் துளைக்கக் கூடாது. காலையும் சட்டத்தையும் அவை சேரும் நிலையிலேயே கிளாம்பால் பிடித்து, காலின் 9 மி.மீ. துளை வழியாகவே பிட்டை விட வேண்டும். காலில் உள்ள 60 மி.மீ. துளை பிட்டை நேராக வழிநடத்தும். சட்டத்துக்குள் 55 மி.மீ. ஆழம் போக வேண்டும், எனவே பிட்டின் பயன்படும் நீளம் 125 மி.மீ.யாவது இருக்க வேண்டும்.

உருளை நட்டுக்கான 12 மி.மீ. துளை, சட்டத்தின் உட்புறத்தில், முனையிலிருந்து 40 மி.மீ. தள்ளி. ஆழம் 22.5 மி.மீ. சட்டத்தின் கனம் 25 என்பதால் போல்ட் நடுவே 12.5இல் வருகிறது, 20 மி.மீ. நட்டின் மரை அதன் மையத்தில், அதாவது நுனியிலிருந்து 10இல் இருக்கிறது. இரண்டும் சந்திக்க இந்த ஆழம் தேவை. பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளாமல் துளைத்தால் மறுபக்கம் வெளியே வந்துவிடும், மிச்சம் இருப்பது 2.5 மி.மீ. மரம்தான். கூர்முனை நீளமான பிட் இந்த வேலைக்கு ஆகாது.

போல்ட்டை விட்டுச் சுழற்றும்போது மரை பிடிக்கவில்லையென்றால் அழுத்திச் சுழற்ற வேண்டாம். ஸ்க்ரூடிரைவரால் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் பிடித்துவிடும். அப்படியும் இல்லையென்றால் அச்சு விலகியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் வரையான விலகலுக்குக் காலில் உள்ள துளையை 10 மி.மீ. ஆக்கினால் சரியாகும். அதற்கு மேல் என்றால் குச்சி அடித்து அடைத்து, பசை காய்ந்தபின் மறுபடி துளைப்பதே வழி.

எட்டு போல்ட்டையும் முதலில் விரலால் மட்டும் இறுக்கி, கட்டிலைச் சமதளத்தில் நிறுத்தி, மூலைவிட்டங்களை அளந்து, நீளமான மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் கட்டுக்கயிறால் இழுத்துச் சமமாக்கினோம். 2524, 2525 என்று வந்தது, 2 மி.மீ. வரை வித்தியாசம் பரவாயில்லை. பிறகு ஒவ்வொரு மூலையிலும் மேல் போல்ட், கீழ் போல்ட் என்று மாறி மாறி, 6 மி.மீ. ஆலன் கீயால் கையாலேயே இறுக்க வேண்டும். வாஷர் மரத்தைக் கவ்வத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடலாம். மின் திருகியால் இறுக்கினால் உருளை நட் முனையை நோக்கி இழுக்கப்பட்டு, அந்த 40 மி.மீ. மரத்தை நெடுக்கில் பிளந்துவிடும். பிளந்த சட்டத்தைக் காப்பாற்றுவது பெரும்பாடு.

ஸ்பிரிங் வாஷர் போட்டால் தளராது என்று ஒரு நம்பிக்கை உண்டு. மரத்தில் அது உதவாது. மரம் சுருங்கும் அளவுக்கு அது விரிந்துகொடுக்காது.

தாங்கு சட்டமும் நடுச்சட்டமும்

தாங்கு சட்டம் 40 மி.மீ. பக்கம் நிமிர்ந்து, பக்கச் சட்டத்தின் கீழ் விளிம்போடு சமமாக. கீழ் வரிசை உருளை நட்டுகள் இதற்குப் பின்னால் மறையும் என்பதால், அந்த இடங்களில் தாங்கு சட்டத்தில் 14 மி.மீ. துளை போட்டுவிட வேண்டும். பின்னாளில் நட்டைத் திருப்ப வேண்டி வந்தால் தாங்கு சட்டத்தையே பெயர்க்க வேண்டியிருக்காது.

ஒரு சட்டத்துக்கு 11 ஸ்க்ரூ, 190 மி.மீ.க்கு ஒன்று, முதலும் கடைசியும் முனையிலிருந்து 50 மி.மீ. தள்ளி. தாங்கு சட்டத்தில் 5 மி.மீ. துளை, பக்கச் சட்டத்தில் 3 மி.மீ. துளை. இரண்டிலும் 3 மி.மீ. துளையே போட்டால் மரை இரண்டு மரத்தையும் பிடித்துக்கொண்டு இடையில் ஒரு மயிரிழை இடைவெளியை அப்படியே வைத்திருக்கும். எவ்வளவு இறுக்கினாலும் அது மூடாது, அந்த இடைவெளிதான் பிறகு கிரீச்சிடும். பசை தடவிப் பூட்டி, வழியும் பசையை ஈரத்துணியால் துடைத்து, ஓர் இரவு காயவிட வேண்டும். ஸ்க்ரூவின் தலை பரப்போடு சமமானால் போதும். அதற்கு மேல் அமுக்கினால் 25 மி.மீ. சட்டத்தின் வெளிப்புறம் புடைக்கும்.

நடுச்சட்டத்தின் இரு முனைகளும் தலைமாடு, கால்மாடுகளில் பூட்டிய மரத்துண்டுகளின் மேல் உட்காருகின்றன. இரண்டு கால்கள், நீளத்தை மூன்றாகப் பிரிக்கும்படி 665 மி.மீ.க்கு ஒன்று. காலைச் சட்டத்தின் பக்கவாட்டில் வைத்து ஸ்க்ரூ அடிக்கிறவர்கள் உண்டு. அப்போது முழு எடையும் ஸ்க்ரூவில் தொங்கும். சட்டத்துக்கு நேர் அடியில் காலை நிறுத்தி, இருபுறமும் ப்ளைவுட் துண்டை வைத்துப் பிடித்தால் மரத்தின் மேல் மரம் உட்காரும். ஸ்க்ரூவுக்குக் காலை நகராமல் பிடிக்கும் வேலை மட்டும்தான்.

உயரம் பிடிப்பது பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை. இரு பக்கத் தாங்கு சட்டங்களுக்கும் இடையே நூல் பிடித்து, நடுச்சட்டத்தின் மேல்பரப்பு நூலை லேசாகத் தொடும் வரை திருகுப் பாதங்களைத் திருப்ப வேண்டும். எம்10 திருகில் ஒரு முழுச் சுற்றுக்கு 1.5 மி.மீ. உயரும், கால் சுற்று என்பது 0.4 மி.மீ. தாழ்வாக இருந்தால் பயன் இல்லை. உயர்த்திவிட்டால் இன்னும் மோசம்: மெத்தை நடுவில் மேடு தட்டும், கட்டில் நடுக்கால்களில் நின்றுகொண்டு மூலைகள் தூக்கும். சரிபார்க்க, நான்கு மூலைக் கால்களின் அடியிலும் ஒரு தாளைச் செருகப் பார்க்கலாம். எங்காவது தாள் நுழைந்தால் நடுக்காலைக் கால் சுற்று இறக்க வேண்டும்.

குறுக்குப் பலகைகள்

13ஐ 16 ஆக்கினோம். 16 பலகை × 70 மி.மீ., இடையில் 58 மி.மீ. வீதம் 15 இடைவெளி, இரு முனையிலும் 5 மி.மீ. மொத்தம் 2000. 58 மி.மீ. அகலத்தில் ஒரு கட்டையை வெட்டி வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றையும் அளக்க வேண்டாம். ஃபோம், லேட்டக்ஸ் மெத்தைகளுக்கு இடைவெளி 75 மி.மீ.க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. 90 மி.மீ. இடைவெளியில் மெத்தையின் அடிப்பக்கம் உள்ளே பிதுங்கி, வரிவரியாகத் தழும்பு விழும். முழுவதும் மூடிவிடுவதும் சரியில்லை. உடல் வியர்வையின் ஈரம் கீழே இறங்கி, போக வழியில்லாமல் மெத்தையின் அடியில் பூஞ்சை பிடிக்கும். ப்ளைவுட் தளமுள்ள கட்டில் என்றால் 150 மி.மீ.க்கு ஒன்றாக 25 மி.மீ. துளைகள் போட்டுவிடுவது மெத்தையின் ஆயுளுக்கு நல்லது.

பலகையின் நீளம் 1535 மி.மீ. இரு பக்கமும் 2.5 மி.மீ. விட்டிருக்கிறது. பலகையின் முனை பக்கச் சட்டத்தில் முட்டினால் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு சத்தம். பெரிய கணு நடுப்பகுதியில், விளிம்பை ஒட்டி இருக்கும் பலகைகளைக் கழிக்க வேண்டும் அல்லது தலை, கால் ஓரங்களுக்குத் தள்ள வேண்டும். எடை அதிகம் விழுவது இடுப்பும் தோளும் வரும் இடத்தில். லேசாக வளைந்த பலகையை வளைவு மேல்நோக்கி இருக்கும்படி வைக்கலாம்.

தாங்கு சட்டங்கள் இரண்டிலும் நடுச்சட்டத்திலும் கம்பளிப் பட்டையை ஒட்டி, அதன் மேல் பலகையை வைத்து, மூன்று இடங்களில் 4 × 40 ஸ்க்ரூ. மூன்றிலும் பட்டை ஒட்டுவது முக்கியம். ஓரத்தில் மட்டும் ஒட்டினால் நடு 2 மி.மீ. தாழ்ந்து, நூல் பிடித்த வேலை வீணாகும். முனை ஸ்க்ரூக்களுக்கு முன்துளை போடாமல் திருகினால் பலகை பிளக்கும்.

பலகை ஒரே நீளமாக இருக்கலாமா, நடுவில் இரண்டாக வெட்டலாமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஒரே நீளமான பலகை விறைப்பு அதிகம், ஆனால் ஒரு பக்கம் அமுங்கும்போது மறுபக்கம் மேலெழப் பார்க்கும். அதனால்தான் பிடிக்கப்படாத நீளப் பலகைகள் லொட லொடவென்று தட்டும். இரண்டாக வெட்டினால் பக்கத்தில் படுத்திருப்பவர் புரளுவது குறைவாகவே தெரியும், ஆனால் பலகை 25 மி.மீ. கனமாவது வேண்டும். இங்கே பழைய பலகைகள் 19 மி.மீ. என்பதால் நீளமாகவே வைத்துப் பூட்டியாயிற்று.

வேலை முடிந்தபின் தரையிலிருந்து பலகையின் மேல்பரப்பு 26 செ.மீ., 20 செ.மீ. மெத்தையோடு 46 செ.மீ. உட்காரும்போது பாதம் முழுதாகத் தரையில் பதிந்து முழங்கால் செங்கோணமாக மடங்குவதற்குப் பெரும்பாலானவர்களுக்கு 45 முதல் 55 செ.மீ. வசதி. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் இந்த வரம்பின் மேல்பக்கமே நல்லது. தாழ்வான கட்டிலிலிருந்து எழுவது அவர்களுக்குத் தினசரி வேதனை.

புதிதாகத் தேர்ந்தெடுக்கும்போது

மெத்தையைத் தூக்கிக் காட்டச் சொல்வதில் கூச்சப்பட வேண்டாம். நான்கடிக்கு மேல் அகலமுள்ள எந்தக் கட்டிலுக்கும் நடுச்சட்டம் வேண்டும், அது நிமிர்ந்திருக்க வேண்டும், அதன் கால் தரையைத் தொட வேண்டும். மூலையில் இரண்டு போல்ட் இருக்க வேண்டும், அல்லது சட்டத்தின் முனையை நாக்காகச் செதுக்கிக் காலில் செருகியிருக்க வேண்டும், அல்லது கனமான கொக்கித் தகடு வேண்டும். தலைமாட்டின் உச்சியைப் பிடித்து முன்னும் பின்னும், பிறகு பக்கவாட்டிலும் தள்ளிப் பார்க்க வேண்டும். கடையில் புதிதாக நிற்கும்போதே இரண்டு விரற்கடை அசைகிற கட்டில், வீட்டில் ஓராண்டு கழித்து எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

பார்ட்டிகிள் போர்டு கட்டில்களில் பலகையின் ஓரத்தில் திருகிய ஸ்க்ரூதான் முதலில் விட்டுப்போகும். ஒருமுறை கழற்றி மாட்டினாலே பிடிப்பு குறையும். வீடு மாறுகிறவர்களுக்கு இது ஏற்றதல்ல. ஏற்கெனவே வாங்கியிருந்து ஸ்க்ரூ சுழல்கிறது என்றால், துளையை 10 மி.மீ. ஆக்கி, இரண்டு பாகம் கலக்கும் எப்பாக்ஸி பசையோடு மரக்குச்சி அடித்து, காய்ந்தபின் அதில் திருகலாம். தண்ணீர் கலந்த பசையை நிறைய ஊற்றினால் பலகை ஊதிவிடும்.

இரும்புக் கட்டிலில் குழாயின் சுவர் கனத்தைக் கேட்க வேண்டும். 1.2 மி.மீ.க்குக் குறையாமல் இருப்பது நல்லது; மெல்லிய குழாயில் போல்ட்டை இறுக்க இறுக்கக் குழாய் நசுங்கும், இறுக்கம் ஒருபோதும் நிற்காது. வெல்டிங் பொட்டுப்பொட்டாக இல்லாமல் இணைப்பைச் சுற்றி ஓடியிருக்க வேண்டும். பெயின்ட்டில் கொப்புளம் கண்டால் அடியில் துரு. இரும்புக் கட்டிலின் சத்தத்துக்குப் பெரும்பாலும் இரும்பும் இரும்பும் உரசுவதே காரணம், இடையில் ரப்பர் வாஷர் வைத்தால் நின்றுவிடும்.

அடியில் பெட்டி வைத்த கட்டில்களுக்குக் காற்றோட்டத் துளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும், மற்றபடி அவை பொதுவாக விறைப்பானவை. தூக்கும் தண்டு உள்ளவற்றில், மெத்தையை மேலே வைத்தபிறகே தண்டின் விசை பொருந்துகிறதா என்று தெரியும்.

சட்டத்தின் மேல் விளிம்பு கூராக இல்லாமல் 5 மி.மீ.யாவது உருட்டப்பட்டிருந்தால் தொடைக்கு அடியில் உறுத்தாது. கால்கள் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளியிருந்தால் இருட்டில் கால்விரல் இடிபடாது. பழைய கட்டில் வாங்குகிறவர்கள் ஸ்க்ரூ துளைகளையும் பலகை இடுக்குகளையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்: மை தெறித்ததுபோன்ற கரும்புள்ளிகள் மூட்டைப்பூச்சியின் அடையாளம், மாவுபோன்ற பொடி துளைக்கும் வண்டின் அடையாளம். இரண்டில் எது இருந்தாலும் அந்தக் கட்டில் வேண்டாம்.

நான்கு வாரம் கழித்து

மெத்தையை எடுத்து மறுபடி சோதித்ததில், எட்டு போல்ட்டில் ஐந்து போல்ட்டுகள், கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று வரை ஏற்றுக்கொண்டன. வாஷருக்கு அடியில் மரம் படிந்துகொண்டதால் இது எதிர்பார்த்ததே. தாங்கு சட்டத்தின் ஸ்க்ரூ எதுவும் அசையவில்லை. மூலைவிட்ட வித்தியாசம் 1 மி.மீ.யிலேயே நிற்கிறது. கால்மாட்டுப் பக்கத்து நடுப்பாதத்தின் அடியில் தாள் நுழைந்தது, கால் சுற்று ஏற்றி நிறுத்தப்பட்டது. அடுத்து இறுக்கிப் பார்க்க வேண்டியது பருவம் மாறிக் காற்று வறளும்போது. அதற்காக ஆலன் கீயைத் தலைமாட்டின் பின்புறம் ஓர் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறது.